மழையை நிறுத்துகிற பெண்ணும் வானம் பார்த்த மாவட்டமும்

தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். டோக்கியோவில் ஏறக்குறைய 1,600. 'வெதரிங் வித் யூ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்து எழுதுகிறவர் இந்த இரண்டு எண்களையும் ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டால் மழை நின்று வெயில் வரும். கதாநாயகி ஹினாவுக்குக் கிடைத்த வரம் இதுதான். மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்து, வீடு வீடாக மழைச்சோறு எடுத்து, ஊரைவிட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைத்த ஊர்களில் போய் இந்த வரத்தைச் சொன்னால், "அந்தப் பொண்ண ஊர் எல்லைக்குள்ளயே விடாதீங்க" என்றுதான் பதில் வரும்.

கதையை முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், 112 நிமிடம்தான்.

ஜப்பானில் 'டெங்கி நோ கோ' என்ற பெயரில் 2019 ஜூலை 19 அன்று வெளியான படம். எழுதி இயக்கியவர் மகோதோ ஷின்காய். காமிக்ஸ் வேவ் பிலிம்ஸ் தயாரிப்பு, ராட்விம்ப்ஸ் குழுவின் இசை. அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் வசூலித்த படம் இதுதான். ஆஸ்கருக்கு ஜப்பான் அனுப்பிய படமும் இதுவே. இந்திய ரசிகர்கள் 50,000 பேருக்கு மேல் இணையத்தில் கையொப்பமிட்டுக் கேட்ட பிறகு 2019 அக்டோபர் 11 அன்று இங்கேயும் திரைக்கு வந்தது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் பார்த்தது பிற்பாடு கைபேசியிலும் டிவியிலும்தான். அதனால் வந்த நஷ்டம் ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

ஹோதாகா என்ற 16 வயதுப் பையன் தீவிலிருந்து ஓடிவந்து டோக்கியோவில் இறங்குகிறான். ஊரில் மழை விடுவதாக இல்லை. சுகா என்பவர் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு சின்ன அலுவலகத்தில் அமானுஷ்யச் செய்திகளை எழுதிப் பத்திரிகைகளுக்கு விற்கிறார். அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்கிறான். பசியோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு பர்கரை நீட்டிய பெண்தான் ஹினா. தாயை இழந்தவள், தம்பி நாகியோடு தனியாக வாழ்கிறாள். பாழடைந்த கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் இருக்கும் சிறு கோயிலின் தோரணவாயிலைக் கும்பிட்டபடி கடந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த வரம். ஒவ்வொரு முறை வெயிலை வரவழைக்கும்போதும் அவள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி போலத் தெளிந்து நீராகிக்கொண்டே போகிறது. கடைசியில் அவள் வானத்துக்குப் போய்விட்டால் நகரத்துக்கு வெயில் திரும்பும்; அவளைத் திரும்ப இழுத்துவந்தால் மழை நிற்காது. பையன் அவளை இழுத்துவருகிறான். மழை மூன்று வருடம் விடாமல் பெய்து டோக்கியோவின் கணிசமான பகுதி நீருக்குள் போகிறது.

முதலில் மழை. இந்தப் படத்தில் நடிகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் மழையைத்தான் சொல்ல வேண்டும். கையால் வரையும் படத்தில் மழை எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தால்தான் இந்தக் குழு செய்திருப்பதன் மதிப்பு புரியும்.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது. 112 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,61,280 சட்டகம். அத்தனைக்கும் தனித்தனியாக வரைய முடியாது என்பதால், ஜப்பானிய அனிமேஷனில் ஒரு ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று சட்டகங்களுக்கு அப்படியே நிறுத்திவைப்பது வழக்கம். நொடிக்கு 12 அல்லது 8 ஓவியம். ஒருவர் நடப்பதற்கோ தலை திருப்புவதற்கோ இது போதும். மழைக்குப் போதாது. பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அதாவது ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 37 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நிற்கிற ஒரு ஆளின் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை துளி நான்கைந்து சட்டகத்தில் கடந்துபோய்விடுகிறது. ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் அதே துளி இரண்டு இடத்தில்தான் தென்படும். ஆகவே தனித் துளி நகர்வதைக் கண் பார்ப்பதே இல்லை. கோடுகளின் நீளம், அவற்றுக்கு இடையிலான இடைவெளி, சாய்வு ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. மழையை வரைகிறவர் இந்த மூன்றையும்தான் வரைகிறார்.

அதையும் ஒரே அடுக்கில் வரைந்தால் பழைய பிலிம் கீறல் மாதிரி ஆகிவிடும். குறைந்தது மூன்று அடுக்கு தேவை. கேமராவுக்குப் பக்கத்தில் தடிமனாகவும் மங்கலாகவும் சில கோடுகள், அவை வேகமாகப் போக வேண்டும். நடுவில் கூர்மையான மெல்லிய கோடுகள். தூரத்தில் கோடே கிடையாது. பின்னணியின் கறுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் சாம்பலாக்கும் ஒரு படலம் மட்டும். மூன்றுக்கும் ஒரே சாய்வு கொடுத்தால் செத்தது. அரை நொடிக்கு ஒருமுறை அதே கோடுகளைத் திருப்பிப் போட்டு ஓட்டினால் தாளம் மாதிரி கண்ணுக்குத் தட்டுப்படும். அதனால் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு நீளத்தில் சுழல வேண்டும்.

இன்னொரு தவறு, எங்கு பார்த்தாலும் மழையை ஒரே வெளிச்சத்தில் காட்டுவது. ஒகேனக்கல் அருவித் தூவானத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னால் இருண்ட பாறை இருந்தால் தூவானம் தெரியும், வானம் இருந்தால் அங்கேயே காணாமல் போகும். மழையும் அப்படித்தான். இருட்டுக்கு முன்னாலோ, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டாலோதான் தெரியும். ஷின்காயின் ஆட்கள் தெருவிளக்கைச் சுற்றி மழையை வாரி இறைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி அதைக் கரைத்துவிடுகிறார்கள். தரையில் விழுந்த துளியின் வட்டமும் அப்படியே. காலடியில் அகலமான நீள்வட்டம், தூரம் போகப் போகத் தட்டையாகிக் கடைசியில் வெறும் சிறு கோடு. இந்தத் தட்டைக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சாலை மேடேறுவது போலத் தோன்றும். நனைந்த தாரில் விளக்கின் பிரதிபலிப்பு கீழ்நோக்கி நீண்டு கிழிய வேண்டும். அசையாத குட்டையில் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம். டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் நடக்கும் இரவுக் காட்சிகளில் இந்த இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நிறுத்திப் பாருங்கள்.

நிழலுக்குக் கறுப்பு போடாமல் நீலமும் ஊதாவும் கலந்திருப்பதும் கவனிக்க வேண்டியது. இப்படி நெடுநேரம் சாம்பலுக்கும் ஊதாவுக்கும் கண்ணைப் பழக்கி வைத்துவிட்டு, மேகம் பிளந்து வெயில் விழும்போது பச்சையையும் மஞ்சளையும் முழு அடர்த்தியில் திறந்துவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதற்குக் கதையின் உதவி தேவைப்படவில்லை. வானவேடிக்கைக் காட்சியும், மழைமேகத்தின் உச்சியில் இருக்கும் புல்வெளியும், நீராலேயே ஆன மீன்கள் அங்கே திரிவதும் எத்தனை தடவை பார்த்தாலும் தேயவில்லை.

இப்போது அந்த நஷ்டம். இணையத்தில் வரும் வீடியோ ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகிறது. சுவருக்கும் முகத்துக்கும் இது சிக்கனம். மழையிலோ ஒவ்வொரு சட்டகமும் புதிது, முந்தையதைக் கொண்டு எதையும் ஊகிக்க முடியாது. டேட்டா வேகம் குறைந்து படத்தின் தரம் 480p-க்கு இறங்கியதும் முதலில் பலியாவது மழைக் கோடுகள்தான். கட்டம் கட்டமாகக் குழைந்து சேறாகிவிடும். மேகத்தின் மெல்லிய நிற மாற்றம் படிப்படியாக வரி விழும். பென்னாகரம் பக்கம் ஒரு கோடு சிக்னலில் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிட்டு "என்ன பெரிய அனிமேஷன்" என்று சொல்கிறவரைக் குறைசொல்ல முடியாது, அவர் பார்த்தது படத்தை அல்ல. ஆகக் கூடிய தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பாருங்கள். டிவியில் பார்த்தால் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். ஒன்று, 'வைவிட்' என்று இருக்கும் படமுறையை 'சினிமா'வுக்கு மாற்றுவது. இல்லையென்றால் ஊதா நிழல்கள் எல்லாம் நீலச்சாயம் கொட்டியது போலாகும். இரண்டு, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைப்பது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, 'மோஷன்' என்ற சொல் எங்காவது இருக்கும். நொடிக்கு 8 ஓவியம் என்று யோசித்துச் செய்த அசைவுக்கு நடுவில் டிவி தானாக ஓவியம் இட்டு நிரப்பினால் முகத்தின் கோடுகள் நெளியும்.

ஜப்பானிய ஒலியில், வசனவரியோடு பார்ப்பதே மேல். பாடல் வரும் இடங்களில் வரிகளும் வசனமும் ஒரே நேரத்தில் திரையை அடைப்பது தொல்லைதான். அந்த நேரத்தில் பாட்டு வரியை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படிக்கலாம். எதையும் இழக்கமாட்டீர்கள், ஏனென்றால் படம் ஏற்கெனவே முகத்தில் சொன்னதையே பாட்டு மறுபடி சொல்கிறது. ராட்விம்ப்ஸ் பாட்டுகள் தனியாகக் கேட்க நன்றாக இருக்கின்றன. படத்துக்குள் அவை தோளில் கைபோட்டு "இப்போ அழு" என்கின்றன. பின்னணி இசையாக வரும் பியானோ துணுக்குகள் அதைவிடச் சாதித்திருக்கின்றன.

கதைக்கு வருவோம். என் கணக்கில் படத்தின் சிறந்த பகுதி காதல் அல்ல, வியாபாரம். ஹோதாகா ஒரு இணையதளம் தொடங்கி வெயில் வேண்டுவோரிடம் ஆர்டர் எடுக்கிறான். கட்டணம் 3,400 யென். அன்றைய மதிப்பில் சுமார் 2,200 ரூபாய். சந்தை போடுகிறவர்கள், கல்யாண வீட்டார், கணவருக்குத் திதி கொடுக்கும் மூதாட்டி என்று ஆட்கள் வருகிறார்கள். ஆஸ்துமா இருக்கும் தன் மகளோடு பூங்காவில் ஒரு பகல் விளையாடுவதற்காகச் சுகாவே ஆர்டர் கொடுக்கிறார். வானிலை என்றால் காதலர்களின் மனநிலைக்குப் பின்னணி என்று நினைக்கும் படங்களுக்கு நடுவில், அது ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை, ஒரு தேதி, ஒரு செலவு என்று காட்டிய இந்த இருபது நிமிடம் அபூர்வம்.

வறண்ட மாவட்டம் என்றாலும் ஹினாவுக்கு இங்கே வாடிக்கையாளர்கள் இல்லாமல் போகமாட்டார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர் வரிசையில் முதலில் நிற்பார். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூக்கும் காலத்தில் மேகமூட்டமும் தூறலும் சேர்ந்தால் சாம்பல் நோய், தத்துப்பூச்சி, பூ கருகல் எல்லாம் வரிசையாக வரும். ஏப்ரல், மே மாதத்தில் காற்றோடு கோடைமழை வந்தால், பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் முன்னே தரைக்குப் போய்விடும். அடுத்து கேழ்வரகு அறுத்துக் களத்தில் போட்டவர். கதிர் நனைந்தால் பூசணம் பிடித்துக் கறுக்கும், விட்டுவைத்தால் முளைக்கும். பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கும் வேண்டும். ஐந்தாம் பருவப் புழு மனையில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரமான மல்பெரி இலையைப் போடக் கூடாது. கூடு கட்டும் நேரத்தில் ஈரம் ஏறினால் நூல் சரியாகப் பிரியாது, தர்மபுரி அங்காடியில் விலை இறங்கும். ஆனால் இவர்களில் எவருக்கும் ஒரு மணி நேர வெயில் போதாது. களத்துக்கு மூன்று நாள் வேண்டும். ஹினாவை மூன்று நாள் வேண்டச் சொன்னால் நாலாம் நாள் அவள் இருக்கமாட்டாள்.

படத்துக்கே இது தெரிந்திருக்கிறது, அரைகுறையாக. வியாபாரம் பெருகப் பெருக அவள் உடம்பு தெளிகிறது என்பதில் உழைப்பைப் பற்றிய கூர்மையான ஒரு பார்வை இருக்கிறது. 15 வயதுப் பெண், 18 ஆகப்போகிறது என்று பொய் சொல்லி வேலைக்குப் போனவள், அந்த வேலையும் போனபின் இரவு விடுதி ஆட்களிடம் சிக்கப் பார்த்தவள். உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டு அவள் சோறு வறுக்கும் காட்சியில் வறுமை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அரசு அதிகாரிகள் வந்து அக்காளையும் தம்பியையும் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவளை ஓட்டுகிறது. இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். பாதியில் போட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறது.

அந்தத் துப்பாக்கி எதற்கு என்று எவ்வளவு யோசித்தாலும் நியாயம் கிடைக்கவில்லை. சாதாரண மனிதனின் கைக்குத் துப்பாக்கி எட்டாத நாடு ஜப்பான். அங்கே குப்பைத்தொட்டிப் பக்கம் கிடந்த கைத்துப்பாக்கியை ஒரு பையன் எடுத்து வைத்துக்கொள்கிறான். ஹினாவை இழுத்துப்போகிற ஆளை நோக்கி ஒரு முறை சுடுகிறான், கடைசிக்கட்டத்தில் பாழடைந்த கட்டடத்துக்குள் மறுபடியும் நீட்டுகிறான். போலீஸ் துரத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவனும், பெரியவர் இல்லாத வீட்டில் வாழும் இரண்டு பிள்ளைகளும் போலீஸ் தேட ஏற்கெனவே போதுமான காரணம்.

ஹோதாகா ஏன் ஓடிவந்தான் என்பதும் சொல்லப்படவில்லை. முதல் காட்சியில் முகத்தில் பிளாஸ்திரி இருக்கிறது, அவ்வளவுதான். பழைய காயத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கும் சினிமா வழக்கத்தை ஷின்காய் ஒதுக்கியிருக்கிறார் என்று இதை ஆதரிக்கலாம், நானும் பாதி ஆதரிப்பேன். ஆனால் ஒரு நகரத்தின் தலையெழுத்தை இந்தப் பையன்தான் முடிவு செய்யப்போகிறான். அவன் யார் என்றே தெரியாமல் அந்த முடிவின் கனத்தை எப்படி எடைபோடுவது? காதலும் இதனாலேயே மெலிந்து நிற்கிறது. இருவரும் சேர்ந்து வேலை செய்யும்போது நன்றாக இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்கலங்கும்போது போஸ்டர் ஆகிவிடுகிறார்கள். நாகி என்ற அந்த வாண்டு, பேருந்தில் ஒரு பெண்ணிடம் விடைபெற்று இன்னொரு பெண்ணோடு பேசத் தொடங்குகிறானே, அவனுக்குத்தான் காதலைப் பற்றி இந்தப் படத்தில் அதிகம் தெரிந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் படத்தை விட முடியாமல் செய்வது பலி விஷயம். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னடத்தில் 'கெரெகெ ஹார' என்று ஒரு நாட்டுக் கதைப்பாடல் உண்டு. மல்லனகவுடர் ஊருக்கு ஏரி வெட்டுகிறார், தண்ணீர் வரவில்லை. மருமகளில் ஒருத்தியைப் பலி கொடுத்தால் வரும் என்று குறி சொல்கிறார்கள். கடைசி மருமகள் பாகீரதிமேல் விழுகிறது. பூசை முடித்து அவள் படியேற, பாதம், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறி அவளை மூழ்கடிக்கிறது. படையில் இருந்த கணவன் செய்தி தெரிந்து ஓடிவரும்போது ஏரி நிரம்பியிருக்கிறது. அவனும் அதிலேயே குதிக்கிறான். ஏரிக்கரை நிற்கப் பெண்ணைக் காவு கொடுத்த கதைகள் தமிழ்நாட்டுப் பக்கமும் அம்மன் கோயில்களோடு சேர்ந்து உயிரோடு இருக்கின்றன. போனவளைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டு ஊர் தண்ணீரைக் குடிக்கிறது. எல்லாருக்கும் நல்லது, அவளைத் தவிர.

இந்தப் படத்தில் கணவன் நேரத்துக்கு வந்துவிடுகிறான். வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் இதுவே பெரிது. "ஒரு ஆள் பலியானால் வானிலை சீராகும் என்றால் நான் வரவேற்பேன், எல்லாரும் அப்படித்தான்" என்ற பொருளில் சுகா ஓரிடத்தில் பேசுகிறார். வில்லன் பேச்சில்லை அது. களைத்துப்போன சாதாரண மனிதரின் பேச்சு, நாமும் பேசக்கூடியது. அதற்கு எதிராக, வானம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று ஒருவன் கத்துவதற்கு இந்தப் படம் இடம் கொடுக்கிறது. தண்டவாளத்தில் அவன் ஓடுவதைப் பார்க்கும்போது அவன் பக்கம்தான் நிற்கிறேன். பலரும் சொல்வது போல இதைச் சுயநலம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் கெடுத்த வானத்தைச் சரிசெய்ய ஒரு சிறுமி சாக வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் சுயநலம் இருக்கிறது.

உறுத்துவது வேறு. ஹினாவை யாரும் கேட்கவில்லை. இந்த மழை நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாயா என அவள்தான் அவனைக் கேட்கிறாள். அவன் யோசிக்காமல் ஆமாம் என்கிறான். அதை வைத்து அவள் வானத்துக்குப் போகிறாள், பிறகு அவன் மனம் மாறியதால் திரும்பி வருகிறாள். போனதும் வந்ததும் அவன் சொல்லுக்கு. பாகீரதிகூடத் தன்மேல் வந்த விதியைப் புரிந்துகொண்டு, பிறந்த வீட்டுக்கும் தோழி வீட்டுக்கும் போய் விடைபெற்றுத்தான் ஏரிக்குப் போகிறாள். அவள் மனம் நமக்குத் தெரிகிறது. ஹினாவின் மனம் மேகத்துக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை அந்த வெள்ளம். முடிவின் அறக்கேள்வி முழுவதும் ஒரு தராசு: ஒரு தட்டில் பெண், இன்னொரு தட்டில் நகரம். நகரத்தின் தட்டில் படம் கல்லே வைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் காட்டும் டோக்கியோவில் தண்ணீர் தெளிவாக, நீலமாக, அமைதியாக நிற்கிறது. படகு ஓடுகிறது, செர்ரி பூக்கிறது, மக்கள் குடையோடு வேலைக்குப் போகிறார்கள். வீடு இழந்த மூதாட்டி, இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல்தானே, திரும்பிப் போயிருக்கிறது என்று பையனைத் தேற்றுகிறார். சேறு கிடையாது, நாற்றம் கிடையாது, செத்த மாடு கிடையாது, கடன் கிடையாது.

இந்தியாவில் படம் வெளியான மறுநாள், 2019 அக்டோபர் 12 அன்று, ஹகிபிஸ் சூறாவளி ஜப்பானில் கரையைக் கடந்தது. டோக்கியோவை ஒட்டியிருக்கும் கவாசாகி நகரின் முசாஷி கொசுகி பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கோபுரத்தின் அடித்தளத்தில் இருந்த மின்சாதனங்கள் தண்ணீரில் போயின. மின்தூக்கி நின்றது, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகள் உள்ள கட்டடத்தில் மக்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மழையின் வேலை அது. மூன்று வருட மழைக்குப் பின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று படம் ஒரு காட்சியில்கூடக் கவலைப்படவில்லை. வெள்ளநீரை வடிக்க சைதாமா மாநிலத்தில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி வைத்திருக்கும் நாடு அது. இந்தக் கதையில் பேருக்குக்கூட ஒரு பொறியாளர் வருவதில்லை.

இங்கிருந்து பார்க்கிறவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை நினைவுக்கு வராமல் போகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியில் பாதிக்கு மேல். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் காகிதம் போல உருட்டிக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது. அந்தத் தண்ணீரின் நிறம் நீலம் அல்ல. ஷின்காய் குழுவுக்குச் சேற்றை வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தாரில் எண்ணெய்ப் படலத்தைக்கூட வரைந்தவர்கள். வரைய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சேற்றை வரைந்திருந்தால் ஹோதாகாவின் முடிவு இன்னும் கனத்திருக்கும், அப்போதும் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். விலையை மறைத்ததால் அவன் துணிச்சலும் மலிவாகிவிட்டது.

ஷின்காய்க்கே இது உறுத்தியதோ என்னவோ, 2022 நவம்பரில் வந்த 'சுசுமே' படத்தில் எல்லாம் மாறியிருக்கிறது. அங்கே பேரழிவு கற்பனை அல்ல. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். வீட்டின் மேல் ஏறி உட்கார்ந்த கப்பல் இருக்கிறது, ஒரு குழந்தை கறுப்புப் பூசி நிரப்பிய நாட்குறிப்புப் பக்கங்கள் இருக்கின்றன. காதல் இதைவிடவும் மெலிவு, காதலன் பெரும்பாலான நேரம் மூன்று கால் நாற்காலியாகத்தான் ஓடுகிறான். ஆனால் தராசின் இரண்டு தட்டிலும் கல் இருக்கிறது. இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் வெளியான வரிசையிலேயே பாருங்கள். 'சுசுமே'யை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வந்தால், டோக்கியோ மூழ்கும் இடத்தில் கண்ணைக் கவரும் நீலத்தைத் தவிர வேறொன்றும் தென்படாது.